வள்ளம் வராத நாளுக்கு ஒரு வெப்சைட்

1. கடையைப் பூட்டணும்

அது ஒரு சனிக்கிழமை காலை. கரமனையில் என் வீட்டில் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா சேச்சியிடமிருந்து போன்.

"சாரே, கடைய பூட்டணும். இப்பமே பூட்டணும்."

"எந்தக் கடை சேச்சி?"

"நீங்க கெட்டித் தந்த கடைதான். ஆர்டர் வந்துட்டே கெடக்கு. கடல்ல ஒரு வள்ளம் இல்ல!"

ஸ்டெல்லா விழிஞ்ஞத்தில் மீன் வியாபாரம் செய்பவர். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். முந்தின நாள் மாலையே காற்று எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஆனால் வெப்சைட்டிடம் அதை யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு "ஞாயிறு காலை நெய்மீன், ஆவோலி, கணவாய்" என்று சிரித்த முகத்தோடு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தது.

என் மனைவி கோமதி சட்னிக் கிண்ணத்தோடு நின்றாள். "யாரு, மீன் சேச்சியா? சாப்பிட்டுட்டுப் பேசப்படாதோ? இட்லிக்கு நடுவுல என்ன ஆவோலி?"

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மீன் வாசனை வந்ததில்லை. அப்படிப்பட்ட அக்ரகாரத்து ஆள் மீன் கடைக்கு வெப்சைட் செய்த கதை இது. நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "சார், சின்ன பிசினஸுக்கு எந்த பிளாட்ஃபார்ம் பெஸ்ட்?" என்பதுதான். அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

2. குட் மார்னிங் பூவும் நெத்தோலியும்

எங்கள் ஆபீஸ் கிழக்கேகோட்டையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி செல்லத்துரை சார், பாறசாலைக்காரர். லாட்ஜ், டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், கேட்டரிங் என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு.

ஸ்டெல்லா ஒரு மதிய வேளையில் தம்பி ராயப்பனோடு படியேறி வந்தார். பிறந்தது குளச்சல், வாழ்க்கைப்பட்டது விழிஞ்ஞம். கணவர் சேவியர் பங்கு வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வள்ளம் கரைக்கு வந்ததும் ஸ்டெல்லா மீனைப் பிரித்து, சுத்தம் செய்து, பொட்டலம் போடுவார். ராயப்பன் ஸ்கூட்டரில் பட்டம், சாஸ்தமங்கலம் பக்கத்து ஃபிளாட்டுகளில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்டெல்லா போனை மேசைமேல் வைத்தார். அதில் ஒரு பெரிய மீன் கம்பெனியின் ஆப் திறந்திருந்தது.

"எனக்கு இது மாதிரி ஒண்ணு வேணும்."

"இப்ப எப்படி ஆர்டர் எடுக்கறேள்?" என்று கேட்டேன்.

"வாட்ஸ்அப் குரூப்பு. அது பெரிய தொந்தரவாக்கும் சாரே. ஒருத்தர் நெத்தோலி கேப்பாவ. அதுக்குக் கீழ ஒருத்தர் குட் மார்னிங் பூ போடுவாவ. பூவுக்கு நாலு பேர் கும்பிடு போடுவாவ. நெத்தோலி கேட்டவிய எங்கயோ மேல போயிருவாவ. பெறவு சாயங்காலம் வந்து, எனக்க நெத்தோலி எங்க ஸ்டெல்லான்னு சண்டை."

ராயப்பன் இடையில் புகுந்தார். "இப்பம் அந்தக் கம்பெனிக்காரன் ஃபிளாட்டு கேட்டுல பெரிய போர்டு வச்சிட்டான். உங்களுக்கு வெப்சைட் இல்லியான்னு செக்யூரிட்டிகூட கேக்குதான்."

அதுதான் உண்மையான காரணம். ஸ்டெல்லாவுக்கு வெப்சைட் ஆசை எதுவும் இல்லை. தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. மூன்று வழிகளும் ஒரு சால்மனும்

செல்லத்துரை சார் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டார். ஒன்று, முழுக்க நாங்களே புரோகிராம் கோடு எழுதுவது. இரண்டு, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைச் சொந்த ஹோஸ்டிங்கில் ஏற்றி, அதன்மேல் கடையை அமைப்பது. மூன்று, மாத வாடகைக்குக் கிடைக்கும் ரெடிமேட் கடை. டெம்ப்ளேட், கார்ட், ஸ்டாக் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

சாருக்கு முதல் கட்டத்தின்மேல்தான் கண். "நாம எழுதினா நம்ம கையில இருக்கும். எப்பம் வேணும்னாலும் மாத்தலாம்" என்றார்.

"மாத்தப்போறது நாம இல்லையே சார், அவங்கதானே" என்றேன் நான். "அதுவும் தினமும் காலம்பற, கடற்கரையில நின்னுண்டு, ஈரக் கையோட."

இரண்டாவது வழியில் செலவு குறைவு. ஆனால் அடிக்கடி அப்டேட் கேட்கும். அதைச் செய்யாமல் விட்டால் எவனாவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டுப் போவான். ஸ்டெல்லா மீனைப் பார்ப்பாரா, அப்டேட்டைப் பார்ப்பாரா? அதனால் மூன்றாவது வழி என்று முடிவாயிற்று. போனிலேயே மீன் சேர்க்கலாம், எடுக்கலாம். பெரிய கம்பெனியைப் போலவே கூடை படமும் பட்டனும் இருந்ததில் ஸ்டெல்லாவுக்கும் திருப்தி. "சரிடே, நீயே பாத்துக்கோ" என்று சார் பலகையைத் துடைத்துவிட்டார்.

டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, மட்டும் ஸ்டெல்லா பெயரில் தனியாக வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கடை எந்த பிளாட்ஃபார்மில் இருந்தாலும் பெயர்ப் பலகை முதலாளியுடையதாக இருக்க வேண்டும். பின்னால் இது எங்களைக் காப்பாற்றியது.

டெம்ப்ளேட்டை ஏற்றிக் காட்டியபோது ஸ்டெல்லா திரையை உற்றுப் பார்த்தார். முதல் பக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு மீன் துண்டு, பக்கத்தில் எலுமிச்சை.

"இது எந்தக் கடல்ல உள்ள சாமானம் சாரே?"

எனக்கு எந்த மீனைப் பார்த்தாலும் மீன் என்றுதான் தெரியும். கீழே இருந்ததைப் படித்தேன். "சால்மன்னு போட்டிருக்கு."

"விழிஞ்ஞத்துல சால்மன் கெடச்சா சேவியர் எதுக்கு அயிலைக்குப் போறாரு?"

அடுத்த வாரம் அவரே படங்கள் எடுத்து அனுப்பினார். எல்லா மீனும் ஒரே நீலப் பிளாஸ்டிக் பேசினில் கிடந்தன. டிசைனர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள். ஆனால் நீல பேசினைப் பார்த்ததும், இது ஸ்டெல்லாவின் மீன் என்று ஃபிளாட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெயரிலும் சிக்கல் வந்தது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் வஞ்சிரம் என்று தேடியது. இல்லை என்றது வெப்சைட். நெய்மீன் என்ற பெயரில் அதே மீன் பக்கத்திலேயே கிடந்தது. சாளை, மத்தி இரண்டும் ஒன்றுதான் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு மீனுக்கும் அதன் எல்லாப் பெயர்களையும் ஏற்றினேன். மீனைக் கையால் தொடாமலே மீன் பெயரில் கரைகண்டவனாகிவிட்டேன். பஸ்ஸில் யாரோ வஞ்சிரம் என்று சொன்னால் என் வாய் தானாக நெய்மீன் என்றது.

மழைக்காலம் தொடங்கும்வரை கடை நன்றாகவே ஓடியது.

4. காற்று

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கிராக்கி அதிகம் என்பதால், ஸ்டெல்லா வியாழக்கிழமையே முன்கூட்டி ஆர்டர் எடுக்கத் திறந்துவைத்திருந்தார். ஸ்டாக் என்ற கட்டத்தில் வழக்கமாக வருகிற அளவைப் போட்டிருந்தார். அந்த மீனெல்லாம் அப்போது கடலில் நீந்திக்கொண்டிருந்தது. ரெடிமேட் கடையைச் செய்தவர்கள் துணியையும் செருப்பையும் மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். அலமாரியில் இருப்பதைத்தான் விற்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இட்லியை விட்டு எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். கடையை மூடும் பட்டன் இருந்தது. அழுத்தினேன். மூடியது. அந்த இடத்தில் ஒரு பக்கம் வந்தது: "விரைவில் வருகிறோம்!" பின்னால் ஒரு ராக்கெட் படம். அந்த வாசகத்தை மாற்ற எங்கள் பிளானில் வசதி இல்லை.

ஸ்டெல்லா மறுபடி கூப்பிட்டார். "இது என்ன சாரே? விரைவில் வாறேன்னா நான் எங்க போனேன்? ஆர்டர் போட்டவியளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

போனில் பேசி ஆகாது என்று தோன்றியது. லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் விழிஞ்ஞத்துக்குப் புறப்பட்டேன். கோவளம் தாண்டியதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. துறைமுகத்துக் கிரேன்கள்கூட அசையாமல் நின்றன.

ஸ்டெல்லா வீட்டு முன்னறையில் அக்காவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. சேவியர் மூலையில் வலையைத் தைத்தபடி, இதில் தலையிடுவதில்லை என்ற முகத்தோடு இருந்தார்.

"லாறி வந்து நிக்குது அக்கா" என்றார் ராயப்பன். "வெளியூரு சரக்கு. நல்ல நெய்மீன் கெடக்கு. எடுத்து வெட்டிக் குடுத்திட்டா யாரு கேக்கப்போறா?"

"ஐஸுல எத்தன நாள் கெடந்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

"அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் கடல்லேருந்து நேராவா கொண்டு வாறான்? சூசன் மேடத்துக்க ஆர்டர நெனச்சுப் பாரு."

சூசன் மேடம் என்பவர் ஒரு பெரிய ஃபிளாட்டின் அசோசியேஷன் செக்ரட்டரி. ஸ்டெல்லாவை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்ததே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் விருந்து. மகனுக்குப் பேசிமுடித்த பெண்ணின் வீட்டார் முதல்முறையாக வருகிறார்கள். நெய்மீன் கறிக்கும் வறுவலுக்கும் சேர்த்து ஆர்டர் போட்டிருந்தார்.

"அவிய போனா அந்த ஃபிளாட்டே போவும்" என்றார் ராயப்பன்.

ஸ்டெல்லா தம்பியிடம் நிதானமாகச் சொன்னார். "சட்டியில கெடந்தா தெரியும்டே. ஒரு கொதியில பொடிஞ்சு போவும். சம்பந்தக்காரங்க முன்னால அந்தப் பொம்பளைக்கு எப்படி இருக்கும்? லாறியையா பேசுவாவ? எனக்க பேரத்தான் பேசுவாவ."

ராயப்பன் எழுந்து வெளியே போய் நின்றார். ஸ்டெல்லா போனை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் சூசன் மேடத்தை அழைத்தார். வள்ளம் போகவில்லை, மீன் தர முடியாது என்று மலையாளத்தில் சொன்னார். மறுபுறக் குரல் எனக்கும் கேட்டது. கடைசி நேரத்தில் இப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன், முடியாதென்றால் ஆர்டர் எதற்கு எடுத்தாய், உன்னை நம்பினேனே என்று வரிசையாகக் கேட்டுவிட்டு அவர் வைத்துவிட்டார். ஸ்டெல்லா போனைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதில் ஈரம் எதுவும் இல்லை.

"அவிய கேட்டது நியாயம்தான்" என்றார். "மீதிப் பேருக்கும் சொல்லணும் சாரே. ராக்கெட்டு வேண்டாம். நான் சொல்லுதத எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"காத்து. எங்க வள்ளம் போகல. மீன் இல்ல. லாறி மீன் நான் தரமாட்டேன். நாளைக்கு வேணும்னா வேற எடத்துல வாங்கிக்கிடுங்க, எனக்குக் கோவம் இல்ல. கடல் திறந்தா சொல்லுதேன். ஸ்டெல்லா."

"எழுத்துத் தமிழ்ல மாத்திடட்டுமா?"

"எதுக்கு? நான் சொன்னது அப்படியே கெடக்கட்டும். கீழ மலையாளத்துல போடுங்க."

அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினேன். படம் கிடையாது, கார்ட் கிடையாது. வெள்ளைப் பின்னணியில் பெரிய எழுத்து. டொமைன் ஸ்டெல்லா பெயரில் எங்கள் கையில் இருந்ததால், அதை ரெடிமேட் கடையிலிருந்து கழற்றி இந்தப் பக்கத்துக்குத் திருப்பினேன். புதுப் பக்கம் சிலருக்கு உடனே தெரிந்தது, சிலருக்குக் கொஞ்சம் தாமதமானது. ஏற்கெனவே ஆர்டர் போட்டவர்களை ஸ்டெல்லா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வெளியே நின்ற ராயப்பன் சற்று நேரத்தில் உள்ளே வந்து, தன் போனிலும் கூப்பிட ஆரம்பித்தார்.

வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு முகப்புப் பக்கத்தை நான் அதுவரை ஏற்றியதில்லை. செல்லத்துரை சார் பார்த்துவிட்டு அழைத்தார்.

"எடே ஹரி, எந்தக் கடைக்காரன்டே வந்த ஆள அடுத்த கடைக்கு அனுப்புவான்? கீழ நம்ம கம்பெனி பேரு வேற போட்டிருக்க?"

"போடலை சார்."

"அது நல்லதாப் போச்சு."

5. கடல் திறந்தது

காற்று அடங்கி வள்ளங்கள் போனபோது முதலில் கிடைத்தது சாளையும் நெத்தோலியும்தான். ஸ்டெல்லா கடற்கரையிலிருந்து கூப்பிட்டார். "எழுதுங்க சாரே. வள்ளம் வந்தாச்சு. சாளை, நெத்தோலி மட்டும். நெய்மீன் கேக்காதீங்க." எழுதினேன். கீழே வாட்ஸ்அப்பில் ஆர்டர் சொல்ல ஒரு பட்டன் வைத்தேன். மதியத்துக்குள் இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது.

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு அடுத்த நாளும். மீன் விவரத்தை டைப் செய்வது என் காலை வேலையாகிவிட்டது. இப்படியே போனால் கோமதி என்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவாள் என்ற நிலைமை. செல்லத்துரை சாரிடம் போய், பலகையில் அவர் போட்ட முதல் கட்டத்தை மறுபடி எடுத்தோம். நாங்களே கோடு எழுதினோம், ஆனால் மிகச் சின்னதாக. அந்தப் பக்கம் தினமும் காலையில் வெறுமையாக இருக்கும். ஸ்டெல்லா போனில் "வள்ளம் வந்தது" என்று அழுத்தினால்தான் மீன் பெயர்கள் வரும். எது உண்டோ அதைத் தொட வேண்டும், அவ்வளவுதான். "காற்று" என்று ஒரு பட்டன். "தீர்ந்தது" என்று ஒரு பட்டன். முன்கூட்டி ஆர்டர் கிடையாது. ரெடிமேட் கடையின் வாடகையை நிறுத்திவிட்டோம். சார் அதை ஆபீசில் எல்லோருக்கும் காட்டி, "நான் முதல்லயே சொன்னேன்லா" என்றார். அவர் சொன்னது வேறு, நாங்கள் செய்தது வேறு. ஆனால் அவர் முதலாளி.

எல்லோரும் திரும்பி வந்தார்கள் என்று சொன்னால் பொய். பலர் கம்பெனி ஆப்பிலேயே தங்கிவிட்டார்கள். நாளைக்கு என்ன மீன் என்று இன்றே தெரிய வேண்டியவர்களுக்கு ஸ்டெல்லாவின் கடை சரிப்படாது. சூசன் மேடமும் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கோழி பரிமாறிச் சமாளித்தாராம். ஆனால் அவர் கணவர், ரிட்டயர்டு இன்ஜினியர், வாரத்தில் இரண்டு நாள் துணிப்பையோடு கேட்டுக்கு வெளியே வந்து ராயப்பனுக்காக நிற்பார். "மேடத்திடம் ஸ்டெல்லா மீன் என்று சொல்லிவிடாதே" என்று எச்சரித்துவிட்டு வாங்கிப்போவாராம். சாப்பிடும்போது மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஸ்டெல்லா சிரிப்பார்.

புதிதாக வந்தவர்களும் உண்டு. "மீன் இல்ல" பக்கத்தை யாரோ படம் எடுத்து வேறு ஃபிளாட் குரூப்புகளில் போட்டிருக்கிறார்கள். "இல்லை" என்று சொல்கிற ஆள், "உண்டு" என்று சொன்னால் நம்பலாம் என்பது அவர்கள் நினைப்பு. ஸ்டெல்லா பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. "இல்லாதத எப்படி உண்டுன்னு சொல்லுவேன்?" என்றார். ஆனால் ஒரு நாள் ராயப்பன் ஆபீசுக்கு வந்து, அக்காவுக்குத் தெரியாமல் கேட்டார்: "அந்தக் காத்து பட்டன் எனக்க போன்லயும் வருமா சாரே? அவ தூங்குத நேரம் காத்து வந்தா நான் போடுதேன்." போட்டுக் கொடுத்தேன்.

இதில் வேடிக்கை, அந்தப் பக்கத்தைத் தவறாமல் பார்க்கிறவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள். வடாம் பிழிவதற்கு முன்னால் கோமதி ஸ்டெல்லாவின் சைட்டைத் திறந்து பார்ப்பாள். "காத்துன்னு போட்டிருக்காளா? அப்போ இன்னிக்கு மொட்டைமாடி வேண்டாம், கேட்டேளா" என்பாள்.

6. இப்போது நான் கேட்கிற கேள்வி

அதன் பிறகு வெப்சைட் வேண்டும் என்று யார் வந்தாலும் டெம்ப்ளேட்டை எடுத்துக் காட்டுவதில்லை. வெப்சைட்டை யார் மாற்றுவார்கள், எந்தப் போனில், எங்கே நின்றுகொண்டு என்று கேட்கிறேன். பிறகு, உங்கள் கடையில் "இல்லை" என்று சொல்ல வேண்டிய நாள் எது என்று கேட்கிறேன். விற்றுக்கொடுக்க எல்லா பிளாட்ஃபார்மும் போட்டி போடும். விற்க முடியாத நாளில் உங்களுக்காக நின்று பதில் சொல்ல வேண்டியதும் அந்த வெப்சைட்தான். அந்த நாள் எது என்று தெரிந்தால் எந்த வழி என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

சென்ற மாதம் ஏசி ரிப்பேர் செய்யும் ஒருவர் வந்தார். கையில் நான்கு வெப்சைட்டுகளின் படங்களை வைத்துக்கொண்டு, எது நல்லது என்று கேட்டார். நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"முடியாதுன்னு நான் ஆரிடமும் சொல்லுறதில்ல சார்" என்றார் உடனே.

"மார்ச், ஏப்ரல்ல?"

அவர் முகம் மாறியது. "அப்போழ் நான் போன் சைலன்ட்ல போட்டிடும். என்ன செய்ய? ஒரு நாளைக்கு எத்தன வீடு ஓட முடியும்? ஆள்கார் திட்டுவா. மனைவி நம்பர்ல கூட விளிச்சுத் திட்டுவா."

"அப்போ முதல் பக்கத்துல அதை எழுதுவோம். இன்னிக்கு எந்த ஏரியா, அடுத்தது எந்தக் கிழமைக்குத்தான் வர முடியும்னு. அதை உங்க போன்லேருந்தே மாத்தற மாதிரி செய்யறேன்."

அவர் அந்த நான்கு படங்களையும் மடித்துப் பையில் வைத்தார். தன் போனைக் கையில் எடுத்தார்.

"அப்படி எழுதிட்டா," என்றார், "கோடைக்காலத்துலயும் பேடியில்லாம, பயமில்லாம போன் எடுக்கலாம், அல்லே?"